எல்லாரும் வாசித்த பிறகு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சுமார் 30 கிலோமீட்டர். ஓரிக்கை தாண்டிப் பேருந்து பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் தமிழாசிரியர் ஐயா துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பென்சிலால் கட்டம் போட்டு, சில கட்டங்களைக் கறுப்பாக அடித்து வைத்திருந்தார். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் ஓடியது. மீதி எல்லாம் மணலும் நாணலும் சீமைக்கருவேலமும். அதை வேடிக்கை பார்க்கவிடாமல் முதல் குறிப்பைப் படித்தார்.

"கூரை தாங்கும் கட்டையோடு உழவன் கருவி சேர்ந்த ஊர். ஏழெழுத்து."

நாங்கள் நான்கு பேர். ஐயா அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். தோழி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். நான்காவது ஆள் நான். ஓய்வு கிடைக்கும்போது ஒன்றாக உட்கார்ந்து குறுக்கெழுத்து போடுவது எங்கள் வழக்கம். 'அரசனின் மனைவி (2)' என்று கேட்கிற வகை அல்ல. குறிப்பில் ஒரு பக்கம் விடையின் பொருள் இருக்கும், இன்னொரு பக்கம் அதன் எழுத்துகளைக் கட்டும் வழி ஒளிந்திருக்கும். அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் தமிழில் இந்த வகைப் புதிர்களை அமைத்துத் தந்தார். ஐயா அவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தானே அமைக்கத் தொடங்கியவர்.

மாகறல் வருவதற்குள் மின்வாரிய நண்பர் பிடித்துவிட்டார். கூரை தாங்கும் கட்டை உத்திரம். உழவன் கருவி ஏர். கூடவே ஊர். மூன்றையும் புணர்த்தினால் உத்திரம், ஏர், ஊர்: உத்திரமேரூர். நாங்கள் போய்க்கொண்டிருந்த ஊரே விடை.

தோழி ஒத்துக்கொள்ளவில்லை. "ஐயா, 'ஊர்'ங்கிற சொல்லு ரெண்டு வேலை செய்யுது. விடையோட பொருளும் அதுதான், கடைசித் துண்டும் அதுதான். ஒரு சொல்லுக்கு ஒரு வேலைதானே?"

"முழுக் குறிப்பையும் பொருளாப் படிச்சுப் பாரும்மா" என்றார் ஐயா. அவருக்கும் முழுத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. நோட்டின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். எனக்கு இந்தக் கூட்டத்தில் பிடித்தது இதுதான். விடை சரியாக இருந்தாலும் போதாது, வந்த வழியும் சரியா என்று பார்ப்பார்கள்.

அதே மூச்சில் ஐயா அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்துக்குப் போனார். அதன் சொல்லணியியலில் 'வினாவுத்தரம்' என்று ஒன்று உண்டு. பல கேள்விகளைக் கேட்டு, அவற்றின் விடைகளைச் சேர்த்தால் இன்னொரு பெயர் வரும்படி அமைப்பது. அங்கே காட்டப்படும் எடுத்துக்காட்டின் விடைகள் இவை: பூமகள் பெயர் திரு, போகிறவனைப் பார்த்துச் சொல்வது ஏகு, போரில் எய்வது அம்பு, அழகுக்குப் பெயர் அம். சேர்த்தால் திருவேகம்பம். நாங்கள் பேருந்து ஏறிய காஞ்சிபுரத்தின் ஏகாம்பரநாதர் கோயில்தான். ஓர் எழுத்தை நீக்க நீக்க வேறு சொல் வருவது அக்கரச்சுதகம். கூட்டக் கூட்ட வருவது எழுத்து வருத்தனம். ஒரு பாட்டுக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். இரு முனையிலிருந்தும் ஒரே மாதிரி வாசிப்பது மாலைமாற்று.

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் முதல் கட்டத்தை வெளியிட்டார் என்பது வரலாறு. கட்டம் அங்கிருந்து வந்தது. குறிப்பு கட்டும் கலையைத் தமிழ்ப் புலவர்கள் எத்தனையோ நூற்றாண்டு முன்பே பெயரிட்டு, வகை பிரித்து, எடுத்துக்காட்டும் எழுதி வைத்துவிட்டார்கள். பள்ளியில் இதை 'மிறைக்கவி' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

உத்திரமேரூரில் இறங்கியதும் எதிரே டீக்கடை. டீ 12 ரூபாய், மெதுவடை 8 ரூபாய். வடை சூடாக இருந்தது, சட்னியில் பச்சைமிளகாய் தூக்கல். நாங்கள் கட்டத்தைப் பெஞ்சில் விரித்ததைப் பார்த்துக் கடைக்காரர், "கோயிலுக்கா சார்? உலகத்துலயே மொதல்ல ஓட்டுப் போட்டது எங்க ஊருதான்" என்றார். டீ ஆற்றிக்கொண்டே சொன்னாலும் குரலில் பெருமை இருந்தது. சரி, சுவரைப் பார்த்துவிடுவோம் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த குறிப்பு: "உடைந்த தகடாம், ஆனாலும் நீர் நிற்கிறது (4)."

"தகடு ஒடைஞ்சா தண்ணி எப்படிண்ணே நிக்கும்?" என்று தோழி கேட்க, "ஓட்டை இல்லாத பக்கமா ஒடைஞ்சிருக்கும்" என்று மின்வாரிய நண்பர் படமே போட்டுக் காட்டினார். இப்படித்தான் சிக்குவோம். குறிப்பின் கதைக்குள் நுழைந்துவிட்டால் எழுத்து கண்ணில் படாது. தோழிதான் முதலில் கதையை விட்டு வெளியே வந்தார். விரல் விட்டு எண்ணினார்: த, க, டா, ம். நாலு. உடைத்துக் கலைத்தால் த, டா, க, ம். தடாகம்.

மூன்றாவது எழுத்தான 'க', கீழ்நோக்கிப் போகும் இன்னொரு விடையின் முதல் எழுத்தாக விழுந்தது. தமிழ்க் கட்டத்தில் இந்தக் குறுக்கு எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட வலு அதிகம். அங்கே 26 எழுத்து, இங்கே 247. 'க' என்றால் 'க' மட்டுமே. 'கா'வும் 'கி'யும் 'க்'கும் வேறு வேறு கட்டம். கிடைக்கும் ஒவ்வோர் எழுத்தும் நூற்றுக்கணக்கான சொற்களை வெளியே தள்ளிவிடும். ஆனால் அதே காரணத்தால் கட்டம் அமைப்பவர் பாடு பெரும்பாடு. 'டா'வும் 'ட'வும் ஒன்றையொன்று வெட்ட முடியாது.

'க'வில் தொடங்கிக் கீழே போகும் அந்தக் குறிப்பு: "படி, அறு, பழைய சேதி தெரியும் (5)." இதற்குக் கடைசி டீ வரை விடை வரவில்லை.

ஐயா அப்பா காலத்துக் கதையைச் சொன்னார். 1930களில் ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிக்கு அவர் அப்பா கூப்பன் வெட்டி அனுப்பியவர். பத்திரிகை விற்பனையைத் தூக்கிவிட்ட போட்டி அது. அந்தக் காலப் பரிசுப் போட்டிகள் பலவற்றில் ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று விடை பொருந்தும். நடத்துபவர் உறைக்குள் எதை வைத்திருக்கிறாரோ அதுதான் 'சரியான விடை'. எனவே அது மூளைக்கு வேலையா, சூதாட்டமா என்ற சர்ச்சை வந்தது. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் குறுக்கெழுத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. 1957இல் உச்ச நீதிமன்றம், அதிர்ஷ்டத்தை நம்பிய போட்டிக்கே இது பொருந்தும், பெருமளவு திறமையால் வெல்வதற்கு அல்ல என்று பிரித்துக் காட்டியது. "எங்க அப்பாவுக்கு ஒரு தரம்கூட விழல. ஆனா அவர் விடை ஒவ்வொண்ணும் நியாயமாத்தான் இருந்துச்சு" என்றார் ஐயா. அவருடைய குறிப்புகளில் பொருளும் கட்டுமானமும் ஒரே சொல்லில் போய் முட்டவேண்டும் என்ற பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

வைகுண்டப் பெருமாள் கோயில் அங்கிருந்து சில நிமிட நடை. வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். உயர்ந்த கோபுரம் கிடையாது. தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை, வெட்டிவிட்ட புல்தரை, கருங்கல் மண்டபம். கிட்டே போனால்தான் தெரிகிறது, கல் முழுக்க எழுத்து. விரல் நகம் அளவிலிருந்து கட்டைவிரல் அளவுவரை, வரிவரியாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல். பத்து மணி வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் வெட்டின் நிழல் ஆழமாகத் தெரிந்தது. நண்பர் கையிலிருந்த டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நிழல் விழுந்த பக்கத்தையும் காட்டினார். மின்கம்பத்தில் இருட்டில் வேலை பார்த்த கை.

ஐயா அச்சில் வந்த பாடத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார், பக்கத்துக்கு 2 ரூபாய். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள், அதாவது 919, 921. ஆனால் தாளைக் கையில் கொடுக்கவில்லை. "மொதல்ல சொவர். அப்புறம்தான் தாள்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தொடங்கும் இடம் ஸ்வஸ்தி ஸ்ரீ. அது கிரந்த எழுத்து, அரசன் பெயர் தமிழ் எழுத்து. 'மதிரை கொண்ட' என்பதைத் தோழி எழுத்தெழுத்தாக எடுத்தார். மதுரையைத்தான் அப்படி வெட்டியிருக்கிறார்கள். அது தெரிந்ததும் ம, தி, ரை மூன்றுக்கும் வடிவம் கிடைத்துவிட்டது. அதே 'ம' இன்னும் நாலு இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த 'ம'வுக்குப் பக்கத்து எழுத்தை நான் ஊகித்தேன். அந்த ஊகம் கீழ் வரியில் பொருந்துகிறதா என்று நண்பர் பார்த்தார். கட்டத்தில் செய்கிற அதே வேலை: ஒரு சொல் தரும் எழுத்தை இன்னொரு சொல்லுக்குச் சாட்சியாக நிறுத்துவது.

சாட்சி தேவைப்படும் இடம் இங்கே நிறைய. கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. 'க' என்றிருந்தால் அது 'க'வாகவும் இருக்கலாம், 'க்' ஆகவும் இருக்கலாம். எகரமும் ஏகாரமும் ஒரே உருவம், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. ஆக எரிவதும் ஏரியும் எழுத்தில் ஒன்றுதான்.

"இது 'எரி'ன்னுதானே இருக்கு?" என்று தோழி ஒரு இடத்தில் விரலைக் கல்லில் படாமல் நிறுத்தினார்.

"பின்னாடி என்ன வருதுன்னு பாரும்மா."

வா, ரி, ய. நண்பர் சட்டென்று சிரித்தார். "வாரியம்! எங்க ஆபீஸ் பலகையிலயே இருக்கே. ஐயா, கட்டத்துல நாலெழுத்து ஒண்ணு பாக்கி இருந்துச்சே, 'காரியம் தொடங்க வா என்றால் கூடும் குழு'? காரியத்தோட தொடக்கத்துல 'வா' போட்டா வாரியம்!" எரிக்கிற வாரியம் எந்த ஊரிலும் இருக்காது. ஏரி வாரியம்தான். தாளைப் பிரித்துப் பார்த்தோம். அச்சிலும் ஏரி வாரியம்.

கல்வெட்டின் ஏற்பாட்டைத் தாளையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் புரிந்துகொண்டோம். ஊருக்கு 30 குடும்புகள். குடும்பு என்றால் இன்றைய வார்டு போல. ஆண்டுக்கு முப்பது பேர் தேர்வாகி, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு, தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு என்று பிரிவார்கள். குடத்தில் பெயர் விழ, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும், வேதக் கல்வி வேண்டும். முந்தைய மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய உறவினர் பலரும் வெளியே.

"என் பேரு அந்தக் கொடத்துல விழுந்திருக்கவே விழுந்திருக்காது" என்றார் தோழி. உண்மை. இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். உழுதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை.

டீக்கடைக்காரர் சொன்ன 'ஓட்டு' எங்கே என்று விடாமல் தேடினேன். சுவரில் அது இல்லை. யாருக்கு எத்தனை பேர் ஆதரவு என்று எண்ணும் வேலையே கிடையாது. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு குடும்பாகக் கட்டி, குடத்தில் போடுகிறார்கள். குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டுகிறார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டிலுள்ள ஓலைகளை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அவனே ஒன்றை எடுக்கிறான். சீட்டுக் குலுக்கல். கடுமையான தகுதிச் சல்லடையில் சலித்த பிறகு, கடைசி முடிவைக் குலுக்கலிடம் விட்டிருக்கிறார்கள். தங்களுக்குள் கட்சி கட்டிவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். உலகத்தில் முதலில் ஓட்டுப் போட்ட ஊர் என்பதைவிட, கணக்குக் காட்டாதவனைச் சுற்றத்தோடு வெளியே நிறுத்திய ஊர் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சுவர் சொல்வதும் அதைத்தான்.

அடுத்து வரும் பகுதியில்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் வாங்குகிறார். எப்படி வாங்கவேண்டும் என்பதும் வெட்டப்பட்டிருக்கிறது: ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில். மடக்கிய விரலுக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்க வழி இல்லை. அவர் அதை உரக்க வாசிக்கிறார். அதோடு முடியவில்லை. மண்டபத்துக்குள் இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், எல்லாரும் அந்த ஓலையை வாங்கி வாசிக்கிறார்கள். எல்லாரும் வாசித்த பிறகே அந்தப் பெயர் எழுதப்படுகிறது.

ஐயா இதைச் சொல்லி முடித்ததும் நண்பர் தன் ஐந்து விரலையும் விரித்துப் பார்த்தார். எழுத்து ஒன்றுதான். ஆனால் ஒருவர் கண் போதாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் இந்தச் சபை அதை ஏட்டளவில் விடாமல் கல்லில் ஏற்றியிருக்கிறது. குறிப்பின் விடையை நாங்கள் நால்வரும் தனித்தனியாக எழுத்து எண்ணிப் பார்க்கும் வரை பேனாவால் எழுதமாட்டோம், பென்சிலோடு நிறுத்துவோம். அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு இருந்த மதிப்பு அந்த இடத்தில் கூடியது.

"படி, அறு" அப்போதுதான் விழுந்தது. அதுவரை நண்பர் மாடிப்படியில் இருந்தார், நான் அரிசி அளக்கும் படியில் இருந்தேன். தோழி சுவரையே பார்த்துக்கொண்டு, "படிக்கிற படி! படின்னா கல். அறுன்னா வெட்டு" என்றார். கல்வெட்டு. முதல் எழுத்து 'க' என்று காலையிலேயே தடாகம் சொல்லியிருந்தது. நால்வரும் எண்ணினோம்: க, ல், வெ, ட், டு. ஐந்து. பேனா.

சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் மூன்று அடுக்கு விமானத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் ஏரிக்கரைக்குப் போனோம். வைரமேக தடாகம் என்று பல்லவர் காலத்திலேயே பெயர் பெற்ற ஏரி. கரையில் பனைமரங்கள், ஆடு மேய்க்கும் ஒரு அம்மா. மதகுக்கிட்டே தண்ணீர் பச்சையாக நின்றது, நடுவில் வெள்ளைக் கொக்குகள். ஆகாயத்தாமரை ஒரு பக்கமாகப் படர்ந்திருந்தது. ஆறு பேர் கொண்ட வாரியம் ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொண்ட ஏரி இது. இப்போ யார் பார்க்கிறார்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டோம். "யாரு பாக்கறாங்க? மழ வந்தா ரொம்புது. வரலன்னா காயுது" என்றார். கரையில் கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு இடத்தில் மண் சரிந்து கற்கள் வெளியே தெரிந்தன, இன்னொரு இடத்தில் புது மண் கொட்டிச் சீர் செய்திருந்தார்கள். இரண்டையும் பார்த்தேன்.

பனை நிழலில் உட்கார்ந்ததும் தோழி காலையிலிருந்து விடாத வழக்கைத் திரும்ப எடுத்தார். 'ஊர்' இரண்டு வேலை செய்யக் கூடாது. ஐயா கொஞ்ச நேரம் யோசித்து, அந்தக் குறிப்பை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: "கூரைக் கட்டை, உழவன் கருவி, நகர்ந்து செல்: குடத்தில் ஓலை போட்ட இடம் (7)." நகர்ந்து செல் என்றால் ஊர். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே வேலை. நோட்டு நால்வர் கையிலும் ஒரு சுற்று போய் வந்தது. தோழி தலையாட்டியதும் ஓரத்தில் இருந்த கேள்விக்குறியை ஐயா அழித்தார்.

கட்டத்தில் ஒரு வரி மட்டும் மிச்சம். "மேற்கே போன கடிதம் ஊருக்கு ஆள் தேடும் (4)." விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை. திசைக்குத் தமிழில் இன்னொரு பெயர் உண்டு, கடிதத்துக்கும் உண்டு. எழுத்தை எண்ணிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடமும் ஒருமுறை காட்டிவிட்டுப் பேனாவை எடுங்கள்.